ஒரே ஒரு நகரத்தை வைத்துக்கொண்டு யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக விளையாட்டில் பிழைக்க முடியுமா?

முடியும். ராகுசாவை (இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம்) எடுத்து மூன்று முறை ஆடியும் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டவில்லை, இது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் பக்கத்து மாகாணத்தைப் பிடிக்கப் படை திரட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இரண்டு முறை அழிந்தேன்.

அடுத்த முறை 1444 நவம்பரில் ஆட்டம் தொடங்கியபோதே முடிவு செய்துவிட்டேன்: நிலம் வேண்டாம், கப்பல் போதும். இருந்த பணத்தையெல்லாம் இலகுரகக் கப்பல்களில் போட்டு, ராகுசா வணிக மையத்தை, அதாவது சரக்கு வந்து சேர்ந்து பிரியும் பகுதியை, காவல்காக்க அனுப்பினேன். ஆனாலும் ஒரு தவறு செய்தேன். வெனிஸில் பணம் புரள்கிறதே என்று ஒரு வணிகரை அங்கே வசூலுக்கு அனுப்பினேன். சொந்த மையத்துக்கு வெளியே வசூலித்தால் அங்கே நம் வணிக பலம், அதாவது லாபத்தில் நம் பங்கைத் தீர்மானிக்கும் எண், பாதியாகிவிடும். அவரைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு மாற்றி, அங்குள்ள சரக்கை ராகுசா பக்கம் திருப்பிவிடச் செய்த பிறகுதான் கஜானா நிமிர்ந்தது. ராகுசாவில் நாம் எடுக்காமல் விடுவது வெனிஸ் பக்கமும் வழிந்தோடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு வெனிஸே போர் தொடுத்தது. என் கப்பல்கள் துறைமுகத்துக்குள் முடங்கின. முற்றுகை நிலவரத்தைக் காட்டும் பெட்டியில் முதலில் உணவுத் தட்டுப்பாடு என்று வந்தது, பிறகு தண்ணீர்த் தட்டுப்பாடு, கடைசியில் மதில் உடைந்தது. கடன் மேல் கடன் வாங்கிக் கூலிப்படை எடுத்தும் அதைக் கரையிறக்கத் துணிவில்லை. காப்பாற்றியது நட்பு நாடான ஹங்கேரிதான். அதன் படை வடக்கே தரைவழியாக வெனிஸின் நிலப்பகுதிக்குள் புகுந்ததும் எதிரி முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினான். எதையும் இழக்காமல் சமாதானம் ஆனது. அன்றிலிருந்து என் தூதர்களில் ஒருவருக்கு ஒரே வேலைதான், உஸ்மானியரோடு (ஒட்டோமான் துருக்கியர்) உறவை வளர்ப்பது.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. பெரிய நாட்டை எடுத்து உலகையே வெல்வது சுலபம் என்று நான் சொல்லவில்லை, அதற்கும் திறமை வேண்டும். ஆனால் உண்மையான ராகுசாவே இப்படித்தான் வாழ்ந்தது. ஆண்டுக்கு 12,500 டுகாட் பொற்காசு உஸ்மானிய சுல்தானுக்குக் கப்பம் கட்டியது. பதிலுக்கு அதன் வணிகர்கள் உஸ்மானிய மண் முழுவதும் குறைந்த சுங்கத்தில் வியாபாரம் செய்தார்கள். அதே நகரம்தான் 1377-லேயே நோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோரைத் தனிமைப்படுத்தச் சட்டம் போட்டது, 1416-ல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அந்நகரின் லோவ்ரியேனாட்ஸ் கோட்டை வாசலில் இன்றும் லத்தீனில் பொறித்திருக்கிறது: உலகத்துப் பொன் அனைத்தும் தந்தாலும் சுதந்திரத்தை விற்பது நன்றன்று. கப்பம் கட்டியவர்கள் பொறித்த வாசகம் அது.

பள்ளியில் எனக்கு வரலாறு என்றால் போரும் முடிசூட்டு விழாவும்தான். பாடத்தில் வந்த கப்பல்களில் என்ன சரக்கு போனது என்று ஒருமுறை கேட்டேன். தேர்வுக்கு வராது என்று ஆசிரியர் உட்காரச் சொல்லிவிட்டார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1808 ஜனவரி 31 அன்று பிரெஞ்சுத் தளபதி மார்மோன் ராகுசாக் குடியரசைக் கலைத்தார். என் ஆட்டத்தில் அந்தத் தேதி வந்ததும் நேரத்தை நிறுத்திவிட்டு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே மாகாணம், அதே கொடி, ஏட்ரியாட்டிக்கில் என் கப்பல்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டம் முடிய மீதமிருந்த 13 ஆண்டுகளையும் மிக மெதுவான வேகத்தில் ஓடவிட்டேன்.