வீட்டுக் கணினியில் வைரஸ் வராமல் இருக்க ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? எந்த பிரவுசர் பாதுகாப்பானது?

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. அதைவிட முக்கியம் அப்டேட். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் புரோகிராம்) பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. தயவுசெய்து 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; 11 ஏற்கும் கணினி என்றால் மாறிவிடுங்கள்.

அக்கா வீட்டுக் கணினியில் 'பில்.பிடிஎஃப்' என்று ஒரு ஃபைல் கிடந்தது. ஐகான்கூட அப்படியே பிடிஎஃப் மாதிரி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' ஆன் செய்தேன். பெயர் நீண்டது: 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'. அது பில் இல்லை, புரோகிராம். விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்தே காட்டும். முதல் வேலையாக அதை ஆன் செய்யுங்கள்.

பிரவுசரில் என் தேர்வு ஃபயர்ஃபாக்ஸ், கூடவே விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற ஆட்-ஆன். போலி டவுன்லோட் பட்டன், 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மிரட்டும் பாப்-அப் பலவும் விளம்பரம் வழியாக வருபவை; அவை பெரும்பாலும் கண்ணிலேயே படாது. குரோம், எட்ஜும் பாதுகாப்பானவைதான், அப்டேட்டாக இருக்கும்வரை.

குடும்பப் போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால், ரான்சம்வேர் வந்தால் அதையும் பூட்டிவிடும்.