சிரிப்புக்கும் மகிழ்ச்சிக்கும் தமிழில் உள்ள சொற்கள் என்னென்ன? ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: போடக்கூடாது. போட்டுப் பட்டவன் சொல்கிறேன்.

பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது ஆசிரியை ஒருவர் ஓய்வு பெற்றார். வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "உங்கள் நமட்டுச் சிரிப்பை எங்களால் மறக்கவே முடியாது" என்று எழுதினேன். அடக்கமான, மென்மையான சிரிப்புக்கு அதுதான் பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உதட்டுக்குள் அடக்கிய சிரிப்பு என்பது வரை சரிதான். ஆனால் அதற்குள் ஒரு கள்ளம் உண்டு; அடுத்தவர் மாட்டிக்கொண்டதை ஓரக்கண்ணால் ரசிக்கிற சிரிப்பு அது. மடலை மேடையில் வாசித்தார்கள். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

இந்தக் 'கொல்லென்று' என்பதைக் கவனியுங்கள். ஒருவர் தனியாகக் கொல்லென்று சிரிக்க முடியாது. அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். 'குபீரென்று' சிரிக்க ஒருவர் போதும், அடக்கி வைத்திருந்தது பிய்த்துக்கொண்டு வந்தால் சரி. 'களுக்கென்று' என்றால் சின்னச் சிரிப்பு, வந்ததும் நின்றுவிடும். 'கலகலவென்று' சிரிப்பவரிடம் ஒளிவுமறைவு கிடையாது. அதிலிருந்தே 'கலகலப்பான மனிதர்' பிறந்தார். ஆனால் அதே சொல்லை வினையாக்கி 'கலகலத்துப் போனது' என்று எழுதினால் கட்டு விட்டுப்போனது என்று பொருள் மாறிவிடும். வண்டியும் கலகலத்துப் போகும், குடும்பமும் கலகலத்துப் போகும்.

'சிரி' என்ற வினைச்சொல்லுக்குத் தனியாக எந்தக் குணமும் கிடையாது. ஓசையில்லாமல் உதடு விரிந்தாலும் சிரிப்புதான், வயிறு குலுங்கினாலும் சிரிப்புதான். "என்னைப் பார்த்துச் சிரித்தான்" என்று ஒருவர் சொன்னால் அவர் சந்தோஷப்படுகிறாரா, புகார் சொல்கிறாரா என்று குரலைக் கேட்டால்தான் தெரியும். எழுத்தில் குரல் இல்லை. அதனால்தான் அசட்டுச் சிரிப்பு, ஏளனச் சிரிப்பு, வறட்டுச் சிரிப்பு, வெடிச்சிரிப்பு என்று முன்னால் ஒரு சொல்லை நிறுத்துகிறோம். வேலை செய்வது அந்த முன்சொல்தான்.

பேச்சில் 'புன்னகை' என்று யாரும் சொல்வதில்லை. "லேசாகச் சிரித்தார்" என்பதோடு முடிந்துவிடும். புன்னகை, புன்முறுவல், முறுவல், இளநகை, குறுநகை எல்லாம் எழுத்தில் வாழும் சொற்கள். கையெழுத்துப் படிகளைத் திருத்துவது என் பிழைப்பு. ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னும் 'என்று புன்னகைத்தாள்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஓயாத சண்டை. ஒரே அத்தியாயத்தில் ஒருத்தி பதினோரு முறை புன்னகைத்தால் படிப்பவருக்குத் தாடை வலிக்காதா?

அந்தச் சண்டைக்கு நடுவில் ஒன்றைக் கண்டுகொண்டேன். "எனக்குச் சிரிப்பு வந்தது" என்கிறோம். பசி வருவது போல, கோபம் வருவது போல அது நம்மைக் கேட்காமல் வருகிறது. வந்ததை அடக்கலாம், விடலாம். "எனக்குப் புன்னகை வந்தது" என்று எழுதிப் பாருங்கள், உறுத்தும். புன்னகை வராது, அரும்பும், மலரும், பூக்கும், இதழில் தவழும். எல்லாம் செடியின் வினைகள். சிரிப்போ பொங்கும், பீறிடும், வெடிக்கும். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 'நகு' என்ற பழைய வினைக்குச் சிரித்தல் மட்டுமல்ல, மலர்தல், ஒளிர்தல் என்ற பொருள்களும் உண்டு. மின்னுகிற ஆபரணமும் நகை ஆனது அப்படித்தான். (பொன்னகை, புன்னகை என்று இரண்டையும் கோத்து எழுதும் ஆசை உங்களுக்கு வந்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அது தேய்ந்து பல காலம் ஆகிவிட்டது.) இன்னொரு வேடிக்கை: நகை, முறுவல், மூரல் ஆகிய மூன்றுக்கும் பழந்தமிழில் பல் என்ற பொருளும் இருக்கிறது. சிரித்தால் தெரிவது எதுவோ அதன் பெயரே சிரிப்புக்கும். இன்று அந்தப் பல் 'பல்லிளித்தல்' என்பதில்தான் மிச்சம் இருக்கிறது, அதுவும் மரியாதை இழந்து. காரியம் ஆக வேண்டியவர் பல்லிளிப்பார். பூசிய சாயம் வெளுத்தாலும் அது பல்லிளிக்கும். குழந்தையின் சிரிப்புக்கு மறந்தும் இதைப் போட்டுவிடாதீர்கள்.

இனி, கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். சிரிப்பையும் மகிழ்ச்சியையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறீர்கள். தமிழ் அப்படிப் போடவில்லை. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) நகை முதலில் நிற்கிறது, உவகை, அதாவது மகிழ்ச்சி, கடைசியில். நகை எதனால் பிறக்கும் என்பதற்கு அது தரும் நான்கு காரணங்கள்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, எதையும் அப்படியே நம்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலில் மகிழ்ச்சி இல்லவே இல்லை! உவகைக்கோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று வேறு நான்கு. திருக்குறளில் சினத்தைப் பற்றிப் பேசும் இடத்திலும், அது நகையையும் உவகையையும் கொல்லும் பகை என்று இரண்டும் தனித்தனியாகத்தான் வருகின்றன. ஒன்று முகத்தில் இருப்பது, மற்றது மனத்தில் இருப்பது என்று குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார்.

நம் வழக்கிலும் இது தெரியும். ஊர் சிரித்தால் அது மகிழ்ச்சியால் அல்ல. 'சந்தி சிரித்தது', 'பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது', 'நகைப்புக்கு இடமானது' எல்லாமே மானம் போன கதைகள். சிரிப்பவர் பலர், சிரிக்கப்படுபவர் ஒருவர் என்றால் தமிழில் அது பெரும்பாலும் தண்டனைதான். கெக்கலி கொட்டுவதும் எக்காளமிடுவதும் கொக்கரிப்பதும் இந்த வகைதான். எக்காளம் ஊதுகிற கருவி, கொக்கரிப்பு கோழியுடையது. 'அட்டகாசம்' மட்டும் தப்பித்துக்கொண்டது. பெருஞ்சிரிப்பு என்ற வடமொழிப் பொருளைத் தொலைத்து முதலில் அடாவடியாக மாறியது, இப்போது பாராட்டாகவும் புழங்குகிறது.

மகிழ்ச்சிப் பக்கம் வந்தால் எனக்குப் பிடித்தது 'களிப்பு'. கள்ளோடு ஒட்டிய சொல். 'மகிழ்' என்பதும் சங்க காலத்தில் கள்ளைக் குறித்திருக்கிறது. மேடையில் "பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்று கைகூப்பும் பிரமுகருக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது. உவகை இன்று செய்யுளோடு நின்றுவிட்டது, ஆனால் 'மனமுவந்து கொடுத்தார்' என்பதில் அதன் வேர் உயிரோடு இருக்கிறது. பூரிப்பு உள்ளே நிரம்பி விம்முவது. பிள்ளை பரிசு வாங்கும்போது பெற்றவருக்கு வரும். கும்மாளம் தனியாள் வேலை அல்ல, சத்தமும் வேண்டும்.

கடன் வந்தவை இங்கே வந்து குணம் மாறியிருக்கின்றன. குதூகலத்துக்கு வடமொழியில் ஆவல் என்று பொருள், உற்சாகத்துக்கு முயற்சி, சந்தோஷத்துக்குப் போதும் என்ற நிறைவு. இன்று பேச்சில் ஆட்சி செய்வது சந்தோஷம்தான், கோபத்தையும் சேர்த்து. "இப்போது சந்தோஷமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ஒருவர் எழுந்து போனால் பேச்சுவார்த்தை முறிந்தது. அந்த இடத்தில் 'மகிழ்ச்சி' என்று போட்டுப் பாருங்கள், சண்டை நாடகமாகிவிடும்.

திரையில் தட்டும் சிரிப்புக்கு ஹ என்ற கிரந்த எழுத்து இல்லாமல் முடியவில்லை. 'ஹா ஹா' வாய்விட்டுச் சிரிப்பது, 'ஹி ஹி' அசடு வழிவது. நமட்டுச் சிரிப்புக்கு மட்டும் இதுவரை எழுத்து அமையவில்லை. மடலை வாங்கிக்கொண்ட அந்த ஆசிரியை என்னைப் பார்த்து அதைத்தான் சிரித்தார். நான் பதிலுக்கு ஹி ஹி.