அளந்தாயிற்று, பிறகு ஏன் கணக்கு? – கடிதம்

ஐயா,

வேலூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். அணுக்கருவின் பண்புகளை அடிப்படை விசைகளிலிருந்தே கணக்கிடும் ‘அப் இனிஷியோ’ முறையை செமினாருக்கு எடுத்தேன். பிணைப்பாற்றல் (கருவை முழுதாகப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்), ஆரம், அரை ஆயுள் எல்லாவற்றையும் முன்பே அளந்துவிட்டார்கள். பிணைப்பாற்றலைத் தோராயமாகத் தரும் வைசாக்கர் சூத்திரமும் நன்றாகவே விடை தருகிறது. தெரிந்த எண்ணை மறுபடி கண்டுபிடிக்க சூப்பர் கம்ப்யூட்டர் எதற்கு? ஆராய்ச்சிக்குப் போவதா, வங்கித் தேர்வு எழுதுவதா என்ற குழப்பமும் இருக்கிறது. தமிழில் இதற்குப் புத்தகம் உண்டா?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

வங்கித் தேர்வை எழுதுங்கள். வீட்டுக்கு வருமானம் வேண்டுமென்றால் அதில் ஒரு குறைவும் இல்லை. புத்தகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், செமினார் எடுக்குமளவு படித்திருக்கிறீர்கள். ஆனால் ‘தெரிந்த எண்’ என்று எழுதினீர்களே, அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்கள் குழி வீடுகளில் வாழ்ந்த இடம். என் தாய்மாமா அங்கே கூலிக்கு மண் சுமந்தார். கரித்துண்டு அகப்பட்டால் கையால் தொட விடமாட்டார்களாம். அந்தக் கரியில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14ஐ வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள், அது பாதியாகக் குறைய 5730 ஆண்டு ஆகும் என்று கல்லூரி நாட்களில் நான் அவருக்கு விளக்கினேன். “இன்னாத்துக்குடா அத்தினி வருசம்? நூறு வருசத்துல தீந்தா ஆவாதா?” என்றார். அளந்திருக்கிறார்கள் மாமா என்றேன். “அளந்தது சரிடா, ஏன்னு கேக்கறேன்.”

பள்ளிக்கூடம் தாண்டாத மனிதர். முதுகலை படிக்கும் உங்களுக்கு அந்தக் கேள்வி ஏன் வரவில்லை? மதிப்பெண்ணுக்குப் படித்துப் படித்து, எண் கிடைத்ததும் நின்றுவிடப் பழக்கியிருக்கிறார்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, ஆனால் உங்களையும் சொல்கிறேன்.

கார்பன்-14 குறைவது பீட்டா சிதைவால்: கருவில் ஒரு நியூட்ரான் எலக்ட்ரானை உமிழ்ந்து புரோட்டானாகிவிடும். ஹீலியம்-6ம் அதே வகைச் சிதைவுதான் அடைகிறது. அதன் அரை ஆயுள் ஒரு நொடிகூட இல்லை. கார்பன்-14 சிதைவில் வெளிப்படும் ஆற்றல் குறைவு, அதனால் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளை விளக்க அது போதவே போதாது. புரோட்டான், நியூட்ரான்களுக்கிடையே இரண்டிரண்டாக இயங்கும் விசையை மட்டும் போட்டுக் கணக்கிட்டால் ஆயுள் மிகக் குறைவாகவே வந்தது. 2011இல் மாரிஸ், வேரி, நவ்ராட்டில் முதலிய இயற்பியலாளர்கள் மூன்று துகள்கள் சேர்ந்திருக்கும்போது மட்டுமே எழும் விசையையும் சேர்த்தார்கள். சிதைவை நடத்தும் பங்களிப்புகள் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுதாக ரத்துசெய்துகொண்டன, ஆயுள் நீண்டது. கடைசிப் புள்ளிவரை முடிந்த கணக்கு அல்ல அது. ஆனாலும் என் மாமாவின் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் அந்தத் திசையிலிருந்துதான் வந்தது.

அந்த மூவர் விசை யாரோ வசதிக்காக ஒட்டவைத்தது அல்ல. ஒரு துகளிலிருந்து வரும் பையான் (அணுக்கரு விசையைக் கடத்தும் துகள்) இரண்டாவதைக் கிளர்ந்த நிலைக்கு ஏற்றுகிறது, அது இன்னொரு பையானை மூன்றாவதற்கு அனுப்பித் தணிகிறது. ஃபுஜிதா, மியாசாவா என்ற இயற்பியலாளர்கள் இதை 1957லேயே எழுதிவிட்டார்கள். ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த டிரைட்டானைப் பாருங்கள். அளந்த பிணைப்பாற்றல் 8.48 மெகா எலக்ட்ரான் வோல்ட். இருவர் விசை மட்டும் என்றால் சுமார் 7.6தான் வருகிறது.

வைசாக்கர் சூத்திரத்தின் கெழுக்கள் (அதிலுள்ள மாறாத எண்கள்) அணுக்கருக்களின் நிறைகளைப் பார்த்தே பொருத்தப்பட்டவை. பார்த்ததைத் திருப்பிச் சொல்கிறது. நல்ல சூத்திரம், ஆனால் அது வேறு வேலை. இங்கேயும் பொருத்துகிறார்கள்தான்: இருவர் விசையைத் துகள்களை மோதவிடும் சிதறல் சோதனைகளிலும், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரானிலும், மூவர் விசையைப் பெரும்பாலும் மிக லேசான கருக்களிலும். அதன்பின் கையை எடுத்துவிட வேண்டும். ஆக்சிஜனோ காரீயமோ, வருவது வரட்டும். 2022இல் இவ்வகைக் கணக்கைக் காரீயம்-208 வரை கொண்டுபோய், அதன் நியூட்ரான் தோலின் (புரோட்டான்களைத் தாண்டி நியூட்ரான்கள் வெளியே பரவியிருக்கும் அடுக்கு) தடிமன் 0.14 முதல் 0.20 ஃபெம்டோமீட்டர் என்று சொன்னார்கள்; ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மீட்டரில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நியூட்ரான் விண்மீனின் உள்ளே யாரும் அளவுகோல் கொண்டுபோக முடியாது. அங்கும் இதே விசைகள்தான், கணக்குத்தான் வழி.

செமினார் ஸ்லைடுகளை மூடிவையுங்கள். 2.1 ஃபெம்டோமீட்டர் ஆரமுள்ள கோளச் சதுரக் கிணற்றில் (ஆரத்துக்குள் ஒரே அளவு ஈர்ப்பு, வெளியே ஒன்றுமில்லை என்று வைக்கும் எளிய மாதிரி) டியூட்ரானைப் போட்டு, பிணைப்பாற்றல் 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் வர ஆழம் எவ்வளவு வேண்டுமென்று நீங்களே கணக்கிடுங்கள். அதே அலகில் 35க்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்ததும் எழுதுங்கள், டிரைட்டானுக்குப் போகலாம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இதைச் செய்ய முடியும்.