பையர் ஆர்டரும் பன்னாட்டு வணிகப் பொருளியலும்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கேனுங்க. மகள் கோவையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருசம். பன்னாட்டு வணிகத்தில் ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆகணுமாம். சொந்தக்காரங்க எம்.பி.ஏ. சேர்த்தச் சொல்றாங்க. எது சரிங்க? எத்தனை வருசம் ஆகும்?
– வாசகி, அவிநாசி

பதில்: எம்.பி.ஏ. படித்தால் பையரிடம், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு கம்பெனியிடம், பேசி ஆர்டர் பிடிக்கலாம், சரக்கை நேரத்துக்குத் தூத்துக்குடி துறைமுகம் சேர்க்கலாம். உங்கள் அம்மணி கேட்பது வேறுங்க. அந்த ஆர்டர் ஏன் திருப்பூருக்கு வந்தது, ஏன் வங்கதேசத்துக்குப் போகிறது என்பது அவளுடைய கேள்வி.

உங்கள் கம்பெனி ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லைப் பாருங்கள். பருத்தி டி-ஷர்ட் என்றால் சரக்குக் குறியீடு 61091000 என்று இருக்கும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. அதை வைத்து எந்த நாடு யாரிடம் எவ்வளவு வாங்கியது என்பதை ஐ.நா.வின் வணிகப் புள்ளிவிவரத் தளமான காம்டிரேட்டில் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்கின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது, அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது? அங்கே கடைக்காரர் விலையை ஏற்றினாரா, இங்கே முதலாளி விலையைக் குறைத்தாரா, தொழிலாளியின் பீஸ் ரேட்டில் (உருப்படிக் கூலியில்) கை வைத்தார்களா? இதைக் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டுவதுதான் பன்னாட்டு வணிக ஆராய்ச்சியாளர்கள் பிழைப்பு.

கணக்கு என்றதும்தான் சிக்கல். நம் பக்கத்துப் பி.ஏ. பாடத்தில் கணிதம் ஊறுகாய் அளவு. பொருளியலாளர் அவினாஷ் தீட்சித் பம்பாயில் கணிதமும் இயற்பியலும் படித்து, கேம்பிரிட்ஜ் போயும் கணிதமே படித்தார். அதற்கப்புறம்தான் 1968-ல் எம்.ஐ.டி.யில் பொருளியல் முனைவர் பட்டம். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்ற பொருளியலாளரோடு சேர்ந்து அவர் 1977-ல் எழுதிய கட்டுரையின் கணித மாதிரியை எடுத்துத்தான் அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ரூக்மன் வணிகக் கோட்பாட்டையே மாற்றினார். க்ரூக்மன் 2008-ல் நோபல் வாங்கினார். ஆகவே நுண்கணிதம், அணிக்கோவை, புள்ளியியல் மூன்றுக்கும் இப்போதே டியூசன் வையுங்கள். எம்.பி.ஏ. பீஸில் இது கால்வாசிகூட ஆகாது.

அடுத்து எம்.ஏ. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பை ஐ.ஜி.ஐ.டி.ஆர். (இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்), திருவனந்தபுரம் சி.டி.எஸ். (வளர்ச்சி ஆய்வு மையம்) எல்லாம் நல்ல இடங்கள். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்வு கணக்கில் பிழிந்தெடுக்கும், அதற்கென்று தயாராகணும்.

எம்.ஏ. இரண்டு வருசம், பிஎச்.டி. ஐந்தாறு வருசம். அமெரிக்காவில் நல்ல துறையில் இடம் கிடைத்தால் பீஸ் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள்; இங்கேயானால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கணும். உதவிப் பேராசிரியர் ஆன பிறகும் அங்கே வேலை நிரந்தரமாக ஆறேழு வருசம். இருபத்திரண்டில் மாப்பிள்ளை பார்க்கும் ஊரில் இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான். ஆனால் குறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும். நடுவில் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் வலை வீசும். அந்தப் பக்கமே போகக் கூடாது.

முடிவெடுக்குமுன் ஒரு சோதனை. எந்த நாட்டிடம் எவ்வளவு ஜவுளி வாங்கலாம் என்று வரம்பு கட்டிய கோட்டா முறை 1974-ல் வந்து 2004-ஓடு முடிந்தது. அது போனதும் யார் ஆர்டர் யாரிடம் போனது என்பதற்கு, செமஸ்டர் லீவில் அந்த டி-ஷர்ட் குறியீட்டின் முதல் ஆறு இலக்கமான 610910-க்கு 2003 முதல் 2007 வரை அமெரிக்கா யாரிடம் எவ்வளவு வாங்கியது என்று அவளே எடுத்துப் பார்க்கட்டும். மூன்றாம் நாள் சலித்தால் எம்.பி.ஏ. பற்றிப் பேசலாம். சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால், சொந்தக்காரங்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்லணுங்க.