குழந்தை கைக்கு வந்துவிட்டாள், கலெக்டர் உத்தரவு இன்னும் வரவில்லை

கேள்வி: நானும் கணவரும் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். இருவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டும் இருக்கிறது. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா மூலமாக 14 மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறோம். தடையில்லாச் சான்று வந்ததும் குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பு என்று எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரமாக வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் மூவரும் இருக்கிறோம், கலெக்டர் தர வேண்டிய தத்து உத்தரவு மட்டும் வரவில்லை. கணவருக்கு லீவு முடியப்போகிறது, அவர் முன்னால் கிளம்பலாமா? தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்கிறார் மாமியார். இதற்கிடையில் ஒருவர் 50,000 ரூபாய் கொடுத்தால் ஃபைலை நகர்த்தித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அந்த ஆளின் போனையே எடுக்காதீர்கள். தத்தெடுப்புக்கு எவ்வளவு, யாருக்கு என்பதெல்லாம் விதிமுறையிலேயே இருக்கிறது, ரசீதோடு கட்டுவது மட்டும்தான் கட்டணம். அதிகாரிக்குப் போய்ச் சேரும் என்று யார் கையில் பணம் கொடுத்தாலும், 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. இவ்வளவு தூரம் வீட்டு ஆய்வு, மருத்துவ அறிக்கை, போலீஸ் சான்று என்று சுத்தமாக வந்த உங்கள் ஃபைலில், வாங்கிக் கொடுக்கவே முடியாத ஒன்றுக்காக நீங்களே கறை வைத்துவிடக் கூடாது.

முன்பு இந்த உத்தரவை கோர்ட்தான் கொடுத்தது. 2022 செப்டம்பர் 1 முதல் அது மாவட்ட ஆட்சியரிடம் வந்துவிட்டது. மனு தாக்கலான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டம், 2015 சொல்கிறது. ஆகவே குழந்தை வீட்டுக்கு வந்து எத்தனை வாரம் என்று எண்ணாதீர்கள், மனு என்றைக்குத் தாக்கலானது என்று தத்து நிறுவனத்திடம் கேட்டுத் தேதியையும் ஃபைல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேராக விசாரிக்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. ஏதாவது ஒரு தாளில் பெயரின் எழுத்து மாறியிருந்தால்கூட ஃபைல் நின்றுவிடும், அந்த மாதிரி ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கணவர் விஷயத்தில், முடிந்தால் உத்தரவு வரும்வரை அவர் இங்கேயே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. உத்தரவோடு வேலை முடிவதில்லை: உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின் 23-வது பிரிவுப்படி காரா தரும் சான்று, குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட், அப்புறம் டெல்லி தூதரகத்தில் விசா. தத்துக் குழந்தைகளுக்கான அமெரிக்க விசா வேலை டெல்லியில்தான் நடக்கும், சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இல்லை. மைனர் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் அமெரிக்காவிலிருந்து போடுவதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்ப வேண்டியிருக்கும், அதில் நாள் போகும். அமெரிக்காவில் குடும்ப விடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தகுதியுள்ள ஊழியர் தத்தெடுப்புக்காக 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம், அதற்காக வெளிநாடு போய்த் தங்கும் நாட்களும் அதில் சேரும். ஆபீஸில் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போயே தீர வேண்டும் என்றால், தத்து நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிட்டு, அவர் நேரில் வர வேண்டிய நாள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்பட்டும். அவரோடு குழந்தைக்கும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள், உத்தரவு இல்லாமல் குழந்தையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறை.

சரி, இப்போது உங்கள் அன்றாடம். அவள் உங்கள் மடியில் தூங்குகிறாள், உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஆனால் சட்டப்படி இன்னும் நீங்கள் அவளுடைய வளர்ப்புப் பராமரிப்பாளர்கள்தான். இது கேட்கக் கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்னவென்றால், குழந்தையைக் கொடுக்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியின் நகலும் தடுப்பூசி அட்டையும் தத்து நிறுவனத்தின் போன் நம்பரும் எப்போதும் குழந்தையின் பையில் இருக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், குழந்தையின் பெயர் ஒன்றாகவும் உங்கள் பாஸ்போர்ட்டில் வேறொன்றாகவும் இருப்பதைப் பார்த்து வரவேற்பில் கேள்வி கேட்பார்கள். அப்போது சண்டை போடாமல் அந்த உறுதிமொழி நகலைக் காட்டுங்கள், சிகிச்சை நிற்காது.

போட்டோ விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். உத்தரவு வரும்வரை அவள் முகமோ பெயரோ இன்ஸ்டாகிராமில், ஃபேஸ்புக்கில், சொந்தக்காரர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் எதிலும் வரக் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ உண்டு. எடுத்து உங்கள் போனிலேயே வைத்திருங்கள், அவளுக்குப் பிற்பாடு காட்டத்தான் அவை வேண்டும். லிஃப்டில் "யார் ஜாடை?" என்று கேட்பவர்களுக்கு "எங்கள் ஜாடைதான்" என்று சொல்லிவிட்டு நகருங்கள், அவள் எங்கிருந்து வந்தாள் என்பதைச் சொல்லும் உரிமை நாளைக்கு அவளுடையது.

குலதெய்வம் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வரலாம், இந்தியாவுக்குள் பயணம் செய்யத் தடையில்லை, எங்கே எத்தனை நாள் என்று தத்து நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஆனால் மொட்டையும் காதுகுத்தும் இப்போது வேண்டாம். முழுப் பொறுப்பு உங்கள் கைக்கு வராத நேரத்தில் குழந்தை உடம்பில் ஒரு சின்னக் காயம் என்றாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: உத்தரவு அமலுக்கு வந்த நாளிலிருந்து அவள் எல்லா வகையிலும் உங்கள் பிள்ளை, வாரிசுரிமை உட்பட. அன்றைக்கு அவருக்குப் பேத்தி என்று சட்டமே சொல்லும். காதுகுத்தை ஒற்றைப்படை மாதத்தில்தானே வைப்பார்கள், பதினேழாவது மாதத்துக்கு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.