பழைய ஹாலைக் காப்பாத்த காசு திரட்டுறது எப்படி: உங்க கேள்வியும் என் பதிலும்

பழைய சினிமா-கச்சேரி ஹால் ஒண்ணைக் காப்பாத்துற கமிட்டியில பத்து வருஷம் கணக்கு பார்த்தவன் நான். வந்த கேள்வியில முடிஞ்சதுக்குப் பதில் போட்டிருக்கேன், கொஞ்சம் வளவளன்னு போனா பொறுத்துக்கங்க.

கேள்வி (டிரம்ஸ் வாசிக்கிற ஒரு தம்பி): அண்ணா, நாங்க கச்சேரி பண்ற, படம் போடுற கட்டடத்தை ஓனர் விக்கப் போறாராம். இன்னைக்கே ஆன்லைன்ல வசூலை ஆரம்பிச்சிடலாமா?

இன்னைக்கு வேணாம் தம்பி. முதல்ல பத்திரம் யார் பேர்ல இருக்கு, லீஸ் எத்தனை வருஷம் மிச்சம்னு பாருங்க, அப்புறம் ஓனர்கிட்ட "இத்தனை மாசத்துக்கு வேற யாருக்கும் விக்க மாட்டேன்"னு எழுத்துல வாங்கிடுங்க. வாய்வார்த்தையை நம்பி எங்க கமிட்டி ஒரு தடவை வசூலை ஆரம்பிச்சு பாதியில ஓனர் விலையை ஏத்திட்டாரு, குடுத்தவங்க முகத்துல முழிக்கவே முடியல. வாங்கவே முடியாதுன்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல 'க்யூப்'னு ஒரு சின்ன தியேட்டர், படமும் ஓடும் பாட்டும் நடக்கும், முழுக்க வாலண்டியர்ஸ்தான் நடத்துறாங்க, அவங்க மக்கள்கிட்ட திரட்டியே 2014ல கட்டடத்தைச் சொந்தமாக்கிட்டாங்க.

கேள்வி: எவ்வளவு கேக்கணும்னு எப்படி முடிவு பண்றது?

கூடிப் பேசி ஒரு ரவுண்டு நம்பர் போடாதீங்க, பழைய கட்டடம் தெரிஞ்ச இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. குறிப்பா சீலிங். பழைய தியேட்டர்கள்ல பிளாஸ்டர் சீலிங்கை சாக்குத்துணியும் பிளாஸ்டரும் சேர்த்துத்தான் மேலே மரத்துல கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, அந்தத் துணி வருஷக்கணக்குல இத்துப்போகும், கீழ இருந்து பார்த்தா பளபளன்னுதான் இருக்கும். 2013 டிசம்பர்ல லண்டன் அப்பல்லோ தியேட்டர்ல நாடகம் நடந்துட்டு இருக்கும்போதே சீலிங்ல ஒரு பகுதி விழுந்து எழுபது பேருக்கு மேல அடிபட்டுச்சு. அதனால இன்ஜினியருக்கான ஃபீஸுக்குன்னே முதல்ல ஒரு குட்டி வசூல் பண்ணுங்க, ரிப்போர்ட் கையில இருந்தா அடுத்து பெரிய ஆளுங்க கதவைத் தட்டலாம். வர்ற எஸ்டிமேட்ல இன்னொரு 20 சதவீதம் சேர்த்துக்கங்க, பழைய சுவரைத் திறந்தா உள்ள என்ன இருக்கும்னு அந்தச் சுவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: கூரைக்குன்னு கேட்டா யாரும் தர மாட்டேங்கிறாங்க சார். சீட்டுல பேர் போடறோம்னா உடனே தர்றாங்க.

எல்லா இடத்துலயும் இதே கதைதான். சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு எத்தனை தடவை சொன்னாலும் சுவருக்குக் காசு குடுக்க ஆள் வராது. சரி, சீட்டுல பேர் போடுங்க, ஆனா அந்தக் காசு கூரைக்குப் போகுதுன்னு கேக்கும்போதே சொல்லிடுங்க, ஏன்னா "சீட்டுக்கு"ன்னு வாங்கிட்டு கூரைக்குச் செலவு பண்ணினா பல நாடுகள்ல சட்டப்படியே தப்பு, ஆடிட்ல மாட்டும். இன்னொண்ணு, பேரை "என்றென்றும்"னு வித்துடாதீங்க! பத்து வருஷம்னு போடுங்க. நாங்க நிரந்தரம்னு குடுத்துட்டு, பின்னாடி சீட்டை மாத்தும்போது பட்ட பாடு இருக்கே, அதை எழுதினா தனிக் கதை.

அதோட ஒழுகுற இடத்துக்கு கீழ வச்ச பக்கெட்டை போட்டோ எடுத்துப் போடுங்க, அந்த சத்தத்தோட வீடியோன்னா இன்னும் நல்லது. எங்களுக்கு அழகான முகப்பு போட்டோவை விட அந்த பக்கெட்தான் அதிகம் சம்பாதிச்சுக் குடுத்துச்சு.

கேள்வி: கிரவுட்ஃபண்டிங்ல டார்கெட் எட்டலேன்னா ஒண்ணும் கிடைக்காத வகை, வந்தவரைக்கும் எடுத்துக்கிற வகைன்னு ரெண்டு இருக்கே, எது நல்லது?

கட்டடம் வாங்கன்னா முதல் வகை, ஏன்னா பாதிக் காசுல பாதிக் கட்டடம் வாங்க முடியாது. கிக்ஸ்டார்ட்டர்ங்கிற ஆன்லைன் வசூல் தளம் அப்படித்தான் வேலை செய்யுது, ஜெயிச்சா 5 சதவீதம் அவங்களுக்கு, பேமென்ட் கட்டணம் தனி. ரிப்பேர்னா ரெண்டாவது வகை போதும். எதுவானாலும் முதல் நாள்லயே கால்வாசி வர்ற மாதிரி தெரிஞ்சவங்ககிட்ட முன்னாடியே பேசி வச்சுட்டுத் திறங்க, காலி உண்டியல்ல முதல் ஆளா போட எல்லாருக்கும் கூச்சம்.

நன்கொடை இல்லாம பங்கா விக்கிற வழியும் இருக்கு. பிரிட்டன்ல சின்ன கச்சேரி இடங்களைக் காப்பாத்துற மியூசிக் வென்யூ டிரஸ்ட்ங்கிற அமைப்பு ஆரம்பிச்ச திட்டத்துல ஜனங்க பங்கு வாங்கினாங்க, அந்தப் பணத்துல 2023ல ஆதர்டன் ஊர்ல 'ஸ்னக்'ங்கிற சின்ன கச்சேரி இடத்தை வாங்கினாங்க. இப்படியான கூட்டுறவு முறையில எத்தனை பங்கு வச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு, அதனால பணக்காரர் ஒருத்தர் வந்து ஆட்டிப்படைக்க முடியாது.

கேள்வி (ஆப்பரேட்டர் ஒருத்தர்): டிஜிட்டல் வந்தாச்சே, பழைய 35 எம்எம் ப்ரொஜெக்டரை வித்து அந்தக் காசைப் போட்டுக்கலாமான்னு கமிட்டியில கேக்கறாங்க.

ஐயா, தயவுசெஞ்சு விடாதீங்க. இரும்பு விலைக்குத்தான் போகும், ஆனா வேலை செய்யற ப்ரொஜெக்டர்தான் உங்க இடத்தோட தனித்தன்மை, பிலிம் ஷோன்னு போட்டாலே தனிக் கூட்டம் வரும். அலமாரியில பழைய ரீல் இருந்தா மட்டும் ஜாக்கிரதை. வினிகர் வாடை அடிச்சா அசிடேட்ங்கிற வகை பிலிம் கெட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், மத்ததுல இருந்து பிரிச்சு வைங்க. 1950களோட ஆரம்பத்துக்கு முந்தின ரீல்னா நைட்ரேட்ங்கிற, சட்டுன்னு தீப்பிடிக்கிற வகையா இருக்கலாம், தீப்பிடிச்சா தண்ணியில முக்கினாலும் அணையாது, நீங்களா ஓட்டிப் பார்க்காம ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்க.

கேள்வி: அரசு மானியம் கிடைச்சா கவலை தீர்ந்துதா?

தீராது. நிறைய மானியம் வேலை முடிஞ்சு பில்லைக் காட்டினப்புறம்தான் வரும், அதுவரைக்கும் காண்டிராக்டருக்குக் குடுக்க கைக்காசு வேணும். பொறுமையும் வேணும்: இங்கிலாந்துல ஹார்விச் ஊர்ல 1911ல திறந்த எலக்ட்ரிக் பேலஸ் சினிமா 1956ல மூடினது, திரும்ப 1981லதான் திறந்துச்சு. அங்கேயே லீட்ஸ் ஊர்ல கேஸ் விளக்கு இன்னும் எரியற ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ், 1914ல கட்டினது, அதைப் புதுப்பிச்சு 2023லதான் மறுபடி திறந்தாங்க.

கேள்வி: டார்கெட் வரலேன்னா வாங்கின காசை என்ன பண்றது?

திருப்பிக் குடுப்பீங்களா, வேற பழைய அரங்கத்துக்கு மாத்திவிடுவீங்களான்னு வசூல் ஆரம்பிக்கிற அன்னைக்கே எழுதிப் போடணும். ஏற்கனவே ஆரம்பிச்சுட்டீங்கன்னா, இன்னைக்கு ராத்திரியே உக்காந்து ஒரு பாரா எழுதி, குடுத்தவங்க எல்லாருக்கும் அனுப்பிடுங்க.