வண்டியை ஸ்கேனரில் பார்த்தால் பி0603 (P0603) என்ற கோளாறுக் கோடு (code) வருகிறது, ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பி0603 மட்டும் வந்திருந்தால் இப்போதைக்கு வேண்டாம். பெரும்பாலும் அது பெட்டிக்கு வெளியே உள்ள கோளாறு.

நினைவகக் கோடுகளை எல்லாம் ஒன்றாகப் போட்டு "ஈசியூ போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். பி0601 என்றால் உள்ளே எழுதியிருக்கும் மென்பொருளின் செக்சம் (தரவு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) ஒத்துவரவில்லை. ட்யூனிங்கோ அப்டேட்டோ பாதியில் நின்றுபோன வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பி0604 என்றால் ராம் (தற்காலிக நினைவகம்) கோளாறு, பி0605 என்றால் ரோம் (நிரந்தர நினைவகம்) கோளாறு. பி0603 குறிப்பது, சாவியை அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரத்தில் உயிரோடு இருக்கும் நினைவகத்தை. ஐடில் (நின்றபடி ஓடும் வேகம்), எரிபொருள் திருத்தம் (பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) என்று இன்ஜின் கற்றுக்கொண்டதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்த மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலே கோடு விழும்.

அண்மையில் பேட்டரி மாற்றினீர்களா, டெர்மினலைக் கழற்றினீர்களா, வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்தீர்களா? அப்படியானால் அந்தக் கோளாறுக் கோடை (code) ஸ்கேனரில் அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். திரும்பி வரவில்லையென்றால் வேலை முடிந்தது.

திரும்பி வந்தால், இரவு வண்டியை நிறுத்துமுன் ஸ்கேனரில் எரிபொருள் திருத்தத்தின் லாங் டேர்ம் மதிப்பையும் ரெடினஸ் மானிட்டர் (ஈசியூ தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுவது) நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் மறுபடி பாருங்கள். மதிப்பு பூஜ்யத்துக்குத் திரும்பி, மானிட்டர்களும் முடியாத நிலைக்குப் போயிருந்தால், இரவில் எங்கோ மின்சாரம் அறுகிறது. செலவில்லாத சோதனை, ஏனோ யாரும் செய்வதில்லை.

அடுத்து பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் டெர்மினல் கிளாம்ப்பையும் முதலில் சரிசெய்யுங்கள். இறங்கிய மின்னழுத்தத்தில் ஈசியூ ரீசெட் ஆவதும் நினைவகக் கோடாகவே பதிவாகலாம்.

பேட்டரி நன்றாக இருந்தால் ஈசியூவுக்குப் போகும் நிரந்தர சப்ளை வயர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் 12 வோல்ட் காட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியூ கனெக்டரைப் பிரித்து, நெகட்டிவைத் திரும்ப மாட்டுங்கள். வயரிங் படம் பார்த்து அந்தப் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணையுங்கள். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிய வேண்டும். மங்கினால் ஃபியூஸ் சாக்கெட், இடையிலுள்ள ஜாயின்ட், பச்சை பிடித்த பின், இந்த வரிசையில் தேடுங்கள். வயரிங்கை ஆட்டிக்கொண்டே பாருங்கள். மல்டிமீட்டர் முனையைக் கனெக்டருக்குள் குத்தித் திணிக்க வேண்டாம்; விரிந்துபோன டெர்மினலே புதுக் கோளாறாகிவிடும்.

எர்த்தையும் விடாதீர்கள். கனெக்டரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டு, ஈசியூ எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவ் ஈயக் கம்பத்துக்கும் இடையே வோல்ட்டை அளந்து பாருங்கள். கிளாம்ப்பின் மேல் வைக்கக் கூடாது, கம்பத்தின் மேலேயே வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து முறுக்குங்கள்.

வெளியே வாங்கிப் பொருத்திய அலாரம், ஜிபிஎஸ், பேட்டரி கட்ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கட்ஆஃப் சுவிட்சை இரவில் அணைத்தால் இந்தக் கோடு வருவதில் வியப்பே இல்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் கோடு உடனே விழுந்தால், அல்லது கூடவே பி0604, பி0605 வந்தால், கோளாறு உள்ளேதான். அப்போதும் பழைய சந்தையில் வாங்கிய ஈசியூவை அப்படியே மாட்டாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) தரவு உள்ளே இருக்கும் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவக) சிப்பில் இருப்பதால் சாவி ஒத்துக்கொள்ளாது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஒரே பார்ட் நம்பர் பெட்டி வாங்கி, பழையதின் தரவைப் படித்து இதில் எழுதத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வண்டியிலேயே வைத்து எழுதுவதானால், சீரான 13 வோல்ட் தரும் பவர் சப்ளையைப் பேட்டரியோடு இணைத்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.